சுகாதார அதிகாரி ஸர் ஜான் சைமன்

ஸர் ஜான் சைமன் என்னும் பெயரைக் கேட்டவுடனே, 1928-ஆம் ஆண்டில் ஒரு கமிஷனுக்குத் தலைவராய் நம் நாட்டிற்கு வந்து, கறுப்புக் கொடிகளால் எதிர்கொள்ளப்பெற்ற ஆங்கில அரசியல்வாதியே பலருக்கும் நினைவிற்கு வருவார். யாம் ஈண்டு எழுதப் புகுவது அவர் சரிதம் அன்று. அவருக்கு இரண்டு தலைமுறை முற்பட்டவரும், அதே பெயர் பூண்டவரும், மருத்துவம் பயின்று ஊர்நலம் ஒன்றனையே வாழ்நாட் பணியாகக் கொண்டவருமாகிய வேறொரு பெரியாரின் வரலாற்றையே சுருக்கி உரைப்பாம்.

ஊருக்குச் சுகாதார அதிகாரி ஒருவர் இன்றியமையாதவர் என்பதை இக்காலத்தில் மறுப்பார் இலர். ஆயின், அவரை நியமிப்பவர் யாவர், எக்கல்வி உடையாரை நியமித்தல் வேண்டும், அக்கல்வியை எங்கே பெறுதல் கூடும், நியமித்த பின்னர் அவரை விலக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களுக்கு விடை எளிதிற் கிடைத்ததன்று. இங்கிலாந்து தேசம் அவ்விடையை முற்றக் காண்பதற்கு முக்கால் நூற்றாண்டு சென்றது. அம்முயற்சியின் நடுவில் நின்றவர் சைமன். ஆதலின் அவருடைய சரித்திரத்தை அறிவது அவ்விதிகள் பிறந்த காரணத்தை அறிவதாகும்.

முதற்கண் அக்காலத்து இங்கிலாந்தின் நிலையைச் சிறிது நோக்குவாம். ஆலைகள் பெருகவே, நாட்டுப்புறத்து மக்கள் நகரங்களிற் சென்று நெருங்கினர். வீடுகள் பெருகின, சாக்கடைகள் பெருகவில்லை. வீட்டினடியில் மலக்குழி, அதன் அண்மையிற் கிணறு, தெருவின் நடுவே மாடு அறுக்குங் கொட்டில், குடியிருப்பின் இடையே இடுகாடு. இந்நிலையில் 1831-32-ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி அந்நாட்டிற் புகுந்தது. 1842-ஆம் ஆண்டில் எட்வின் சாட்விக் என்பார், உழைப்பாளி மக்களின் சுகாதார நிலையைக் குறித்துப் பெரியதோர் அறிக்கை வெளியிட்டு, அசுத்தமே நோயையும் வறுமையையும் வளர்க்கின்றது என்று காட்டினார். 1848-49-இல் வாந்திபேதி மீண்டும் வந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 53,000 உயிர்களைக் கொண்டுசென்றது.

அவ்வாபத்தின் நிழலிலே 1848-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. ஊர்ச்சபைகள் மருத்துவர் ஒருவரைச் சுகாதார அதிகாரியாக நியமிக்கலாம் என்று அது கூறியது. நியமித்தல் வேண்டும் என்று கூறவில்லை. இலக்கணம் பயின்றார்க்கு இவ்விரண்டு முடிபுகளின் வேறுபாடு நன்கு விளங்கும். நியமிக்கலாம் என்ற அவ்வொரு சொல்லின் நெகிழ்ச்சியால், பெரும்பாலான ஊர்கள் யாரையும் நியமியாமலே இருந்துவிட்டன.

இதற்குச் சிறிது முன்னரே லிவர்ப்பூல் நகரம் வழிகாட்டியிருந்தது. 1846-ஆம் ஆண்டில் தனக்கெனத் தனிச் சட்டம் ஒன்றனைப் பெற்ற அந்நகரம், வில்லியம் ஹென்றி டங்கன் என்னும் மருத்துவரை 1847-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தன் சுகாதார அதிகாரியாக்கியது. இங்கிலாந்தில் இப்பதவி வகித்த முதல்வர் அவரே. தொடக்கத்தில் அவருக்கு ஆண்டுச் சம்பளம் 300 பவுன். சொந்த வைத்தியமும் செய்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. நகரின் வேலையோ ஒருவரது முழு நேரத்தையும் விழுங்குவதாயிருந்தது. ஆதலால் 1848-இல் சம்பளத்தை 750 பவுனாக உயர்த்தி, சொந்த வைத்தியத்தை நிறுத்திவிட்டனர். முழு வேலைக்கு முழுச் சம்பளம் என்னும் விதிக்கு இதுவே முதல் எடுத்துக்காட்டு.

இனி நம் சரிதத் தலைவரைப் பற்றிக் கூறுவாம். ஜான் சைமன் 1816-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். பிரான்சு தேசத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. தந்தையார் பங்கு வியாபாரச் சந்தையிற் செல்வாக்குடைய தரகர். பள்ளிப் படிப்பின் பின்னர் இளைஞர் ஜெர்மனியில் ஏறக்குறைய ஓராண்டு தங்கி அந்நாட்டு மொழியைக் கற்றார். பிறமொழி நூல்களையும் ஆராயும் பழக்கம் இதனால் அவருக்கு உண்டாயிற்று. 1833-இல் ஜோசப் ஹென்றி கிரீன் என்னும் புகழ்பெற்ற ரணவைத்தியரிடம் மாணாக்கராய் அமர்ந்து தொழில் பயின்றார். 1838-இல் தொழில் நடத்தும் உரிமை பெற்றார். கழுத்தின் கீழுள்ள தைமஸ் என்னுஞ் சுரப்பியைக் குறித்து அவர் எழுதிய ஆராய்ச்சிக்கு 1844-இல் ஒரு பெரும் பரிசு கிடைத்தது; மறு ஆண்டிலே, முப்பது வயது நிரம்புமுன்பே, ராயல் சொஸைட்டி என்னும் விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது.

இங்ஙனம் ஆராய்ச்சியும் ரணவைத்தியமுமாகிய இரு துறைகளிலும் உயர்ந்து வந்த அவரை, 1848-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் ஸிட்டியின் சாக்கடைக் கமிஷனர்கள் தங்கள் முதற் சுகாதார அதிகாரியாகத் தேர்ந்தெடுத்தனர். ஸிட்டி என்பது இலண்டன் மாநகர் முழுவதும் அன்று. அதன் நடுவே ஏறத்தாழ ஒரு சதுரமைல் அளவினதாய், வணிகர் ஆட்சிக்கு உட்பட்ட பழைய நகரம். சம்பளம் ஆண்டுக்கு 500 பவுன். சைமனுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.

சுகாதார அதிகாரிக்குரிய கல்வியை அவர் எங்கே பெற்றார் என்று வினவினால், எங்கும் பெற்றிலர் என்பதே விடை. அக்கல்வியைக் கற்பிக்கும் கலாசாலை அன்று இங்கிலாந்தில் இல்லை. நோயாளியின் உடலைச் சோதிக்க மருத்துவர் கற்றிருந்தனர். ஊரின் உடலைச் சோதிக்க ஒருவரும் கற்றிலர். ஆதலின் சைமன் தம் வேலையிலிருந்தே தமக்குப் பாடம் அமைத்துக்கொண்டார். ஸிட்டியில் நிகழ்ந்த மரணங்களின் கணக்கை வாரந்தோறும் பெற்று, எத்தெருவில், எவ்வீட்டில், எந்நோயால் இறந்தனர் என்பதை ஆராய்ந்தார். கணக்கு மிகுந்த இடத்திற்குச் சுகாதார இன்ஸ்பெக்டர்களை அனுப்பினார். அங்குக் கண்ட குறைகளைக் கமிஷனர்கள் முன் வைத்து, இன்ன வீட்டில் இன்னது செய்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆண்டின் முடிவில் அனைத்தையும் திரட்டி அறிக்கை எழுதினார். இன்று உலகெங்கும் சுகாதார அதிகாரிகள் செய்துவரும் முறையின் கரு இதுவேயாகும்.

1849-இல் வெளிவந்த அவருடைய முதல் ஆண்டறிக்கை பத்திரிகைகளிலும் வெளியாகி நாடெங்கும் படிக்கப்பட்டது. வீட்டின் கீழ் மலக்குழி வைத்திருப்பதும், ஏழைகளுக்கு இடைவிட்டு நீர் விடுவதும், நகர் நடுவே பிணம் புதைப்பதும் பெருந்தீங்குகள் என்பதை அவர் மறைவின்றி எழுதினார். ஸிட்டியின் சபையில் அமர்ந்தோருள் வீட்டுச் சொந்தக்காரரும், அவர்தம் உறவினரும், நண்பரும் பலராவர். அவர்களுக்கு இவ்வெழுத்து இனிதாயிருந்திராது. எனினும் சைமன் அஞ்சவில்லை. அவருடைய விடாமுயற்சியால் மலக்குழிகள் ஆண்டுக்காண்டு குறைந்தன, கால்வாய்கள் அமைந்தன.

ஈண்டு நாம் ஒன்றனை ஊன்றி நோக்குதல் வேண்டும். சைமன் அஞ்சாமைக்கு அவருடைய நெஞ்சுரம் ஒரு காரணம். மற்றொரு காரணம், இப்பதவியை இழந்தாலும் அவருக்கு வைத்தியசாலை வேலையும் புகழும் செல்வக் குடும்பமும் இருந்தன என்பது. சிற்றூரில் நியமனம் பெற்ற ஏழை மருத்துவர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவருக்குக் கிடைப்பதோ சொற்பச் சம்பளம். ஆகவே சொந்த வைத்தியத்தால் வயிறு வளர்த்தல் வேண்டும். அவரிடம் மருந்து வாங்கும் செல்வரே பழுதுபட்ட வீடுகளின் சொந்தக்காரர். அவர்களே ஊர்ச்சபையின் அங்கத்தினர். தவணை முடிந்தால் அவரை மீண்டும் நியமிப்பாரும் அவர்களே. அச்சபையாரின் வீட்டுச் சாக்கடை நாறுகின்றது என்று அவர் எங்ஙனம் எழுதுவார்? எழுதின் பிழைப்புப் போம். எழுதாதுவிடின் ஏழைக் குழந்தைகளின் உயிர் போம். ஒரு மனிதனை இத்தகைய நிலையில் நிறுத்திவிட்டு, பின்னர் அவன் கடமை தவறினான் என்று பழிப்பது நீதியன்று. ஆதலினாலே நல்லாரைத் தேடுவது மட்டும் போதாது. நல்லார் நல்லாராகவே இருந்து பணியாற்றுதற்கு வேண்டிய விதியையும் அமைத்தல் வேண்டும். சைமன் சரித்திரம் நமக்குப் புகட்டும் தலையாய பாடம் இதுவே.

1855-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகருக்கென ஒரு சட்டம் நிறைவேறிற்று. அதன்படி மாநகரின் வட்டாரச் சபை ஒவ்வொன்றும் சுகாதார அதிகாரியை நியமித்தே தீர வேண்டியதாயிற்று. இங்ஙனம் நியமனம் பெற்றோர் 1856-இல் ஒரு சங்கம் அமைத்தனர்; அதன் முதல் தலைவர் சைமன். தனித்தனியே அஞ்சியிருந்தோர் ஒன்றுகூடித் தாம் கண்டவற்றைப் பரிமாறிக்கொள்ளவும், ஒருவர் அனுபவத்தால் மற்றவர் கற்கவும் அச்சங்கம் உதவியது. அக்காலத்திலேயே சைமன் தொடர்புற்றிருந்த ஸெயின்ட் தாமஸ் வைத்தியசாலையில் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி விரிவுரை தொடங்கப்பெற்றது. அதனை நடத்தியவர் கிரீன்ஹோ என்னும் மருத்துவர்.

1855-இல் சைமன் ஸிட்டியை விட்டு, அரசாங்கப் பொதுச் சுகாதார போர்டின் வைத்திய அதிகாரியானார். மறு ஆண்டில் அவர் வெளியிட்ட ஓர் அறிக்கை குறிப்பிடத் தக்கது. தென்னிலண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய்நீர் விற்றுவந்தன. 1848-49-ஆம் ஆண்டு வாந்திபேதியில் இரண்டும் தேம்ஸ் நதியின் அழுக்கு நீரையே கொடுத்தன. இரண்டின் வாடிக்கை வீடுகளிலும் ஆயிரவருக்கு ஏறக்குறைய 12 பேர் இறந்தனர். பின்னர் லாம்பெத் கம்பெனி மட்டும் நதியின் மேற்பகுதியிலிருந்து தூய நீர் எடுக்கத் தொடங்கியது. 1853-54-இல் நோய் மீண்டும் வந்தபொழுது, அக்கம்பெனியின் நீரைப் பருகியோருள் ஆயிரவருக்கு 4 பேருக்கும் குறைவாகவே இறந்தனர். அழுக்கு நீரையே கொடுத்துவந்த மற்றைக் கம்பெனியின் வீடுகளில் ஆயிரவருக்கு 13 பேர் மாண்டனர். இவ்வுண்மையை ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் முன்னரே ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். அசுத்தக் காற்றே நோய்க்குக் காரணம் என்று கருதிவந்த சைமன், ஸ்நோவின் கொள்கையை அப்போது முழுதும் ஏற்றிலர். எனினும் தாம் கண்ட கணக்கை மறைத்திலர். தம் கொள்கைக்கு மாறாயினும் கணக்கை உள்ளவாறு வெளியிடும் நேர்மை சுகாதார அதிகாரிக்கு இன்றியமையாத குணமாம்.

1858-ஆம் ஆண்டில் பொதுச் சுகாதார போர்டு கலைக்கப்பெற்று, அதன் வைத்தியக் காரியங்கள் பிரிவி கவுன்சிலுக்கு மாற்றப்பட்டன. சைமன் அங்கே வைத்திய அதிகாரியானார். அச்சட்டம் முதலில் ஓராண்டிற்கே செய்யப்பட்டது, 1859-இல்தான் நிரந்தரமாயிற்று. பிறர் பதவிக்கு உறுதி தேடிய அவர், தம் பதவியின் உறுதியின்மையையும் அனுபவித்தே அறிந்தார்.

பயிற்சியைக் குறித்த முதல் விதியை அவர் அமைத்தது அம்மைப்பால் குத்தும் தொழிலிலேயாகும். குழந்தைகளுக்கு அம்மைப்பால் குத்துதல் 1853-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கட்டாயமாயிற்று. ஆயின், குத்துவோர் பலர் அதனை முறையாகக் கற்றவரல்லர். மருத்துவப் பட்டம் ஒன்றே போதும் என்று அதுவரை எண்ணியிருந்தனர். 1859-இல் பிரிவி கவுன்சில் வெளியிட்ட விதிகளின்படி, புதிதாக இவ்வேலைக்கு வருவோர், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் அனுமதி பெற்ற ஆசிரியரிடம் பயின்று அத்தாட்சிப் பத்திரம் பெறுதல் வேண்டும் என்று ஏற்பட்டது. பட்டம் வேறு, இன்ன வேலைக்குரிய பயிற்சி வேறு என்னும் உண்மை இங்ஙனம் முதன்முதலாகச் சட்டத்தில் ஏறியது. இவ்வளவோடு நில்லாமல், குத்திய தழும்புகளைச் சோதிக்க இன்ஸ்பெக்டர்களையும் அவர் ஊர்தோறும் அனுப்பினார். கற்பித்தலோடு மேற்பார்வையும் சேர்ந்தாலன்றோ தொழில் சிறக்கும்?

சைமனிடம் பணிபுரிந்த மருத்துவர் குழு அக்காலத்து அறிவின் திரட்சி எனலாம். எட்வர்ட் ஸ்மித் என்பார் 1863-இல் ஏழைத் தொழிலாளரின் உணவை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தார். ஜார்ஜ் புக்கானன் என்பார், சாக்கடையும் குடிநீரும் சீர்ப்பட்ட 25 நகரங்களைச் சோதித்து, டைபாய்டு சுரத்தால் இறப்போர் தொகை அவற்றுட் பலவற்றிற் குறைந்ததையும், நிலம் ஈரம் வற்றிய இடங்களில் க்ஷயரோக மரணமும் குறைந்ததையும் காட்டினார். சைமனின் இலாகா இவர்களுக்கெல்லாம் ஒரு கலாசாலை போல் விளங்கியது.

1866-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் ஊர்ச்சபைகளின் கடமைகளை வற்புறுத்தியது. 1869 முதல் 1871 வரை ஒரு ராயல் கமிஷன் இப்பொருளை ஆராய்ந்தது. அதன் பயனாக 1872-ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டிலுள்ள ஒவ்வொரு சுகாதார வட்டாரமும் மருத்துவர் ஒருவரைச் சுகாதார அதிகாரியாக நியமித்தல் வேண்டும் என்று விதித்தது. 1848-இல் நியமிக்கலாம் என்றிருந்தது, இருபத்துநான்கு ஆண்டு கழித்து நியமித்தல் வேண்டும் என்றாயிற்று. அன்றியும், மத்திய அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்று நியமிக்கும் ஊர்ச்சபைக்கு, அவ்வதிகாரியின் சம்பளத்திற் பாதி பொதுப் பணத்திலிருந்து திருப்பிக் கொடுக்கப்பட்டது. பாதிச் சம்பளம் கொடுப்போர்க்குத் தகுதியையும் தவணையையும் கேட்கும் உரிமை உண்டாதலால், ஊராரின் தனிச் செல்வாக்கிற்கு ஒருவாறு கடிவாளம் இட்டவாறாயிற்று.

ஆயின், அவர் நெடுநாள் உழைத்துக் காத்திருந்த அந்நல்ல காலத்திலேயே சைமனுக்கு இன்னல் நேர்ந்தது. 1871-இல் ஏழைச் சட்ட இலாகாவும் சுகாதார இலாகாவும் ஒன்றாக்கப்பட்டு ஸ்தல ஸ்தாபன போர்டு என்னும் புதிய நிலையம் உண்டாயிற்று. அதில் ஏழைச் சட்டத்திற் பழகிய காரியதரிசிகளின் கை ஓங்கியது. மருத்துவரின் யோசனை, அவர்கள் கேட்டபோது கேட்டதற்கு மட்டும் விடை கூறும் அளவிற்குத் தாழ்ந்தது. மந்திரியிடம் நேரே யோசனை கூறும் உரிமைக்காகச் சைமன் ஐந்தாண்டு போராடினார், வெற்றி பெற்றிலர். 1876-இல், அறுபது வயது நிரம்புமுன்னரே, அவர் பதவியை விட்டு விலகினார். அறிவுடையானை அமர்த்திவிட்டு அவன் வாயைக் கட்டுதல், விளக்கேற்றிக் குடத்துள் வைத்தல் போலும்.

எனினும் அவர் இட்ட வித்து முளையாமற் போகவில்லை. டப்ளின் நகரின் டிரினிட்டி கலாசாலை 1871-இலும், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1875-இலும் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிப் பரீட்சை ஏற்படுத்தின. 1888-ஆம் ஆண்டு ஸ்தல ஸ்தாபனச் சட்டம், 50,000 அல்லது அதற்கு மேற்பட்ட ஜனத்தொகையுடைய வட்டாரத்தில் 1892 முதல் புதிதாக நியமனம் பெறுவோர், முன் அனுபவத்தால் விலக்குப் பெற்றவரொழிய, பொதுச் சுகாதார டிப்ளமா உடையவராதல் வேண்டும் என்று விதித்தது. 1889-இல் பொது வைத்தியக் கவுன்சில் அந்த டிப்ளமாவிற்குரிய பயிற்சியை வரையறுத்தது: மருத்துவராய்ப் பதிவு பெற்றபின் ஓராண்டேனும் கழிதல் வேண்டும், ஆறு மாதம் ஆராய்ச்சிசாலையிற் பயிலுதல் வேண்டும், ஆறு மாதம் சுகாதார அதிகாரி ஒருவரின் கீழ்த் தெருவிலும் வீட்டிலும் வேலை பழகுதல் வேண்டும். ஏடும் அனுபவமும் இரு கண்கள் என்னும் கருத்து இவ்விதியில் விளங்குகின்றது. சைமன் 1876 முதல் 1895 வரை அக்கவுன்சிலின் அங்கத்தினராயிருந்தார் என்பது கருதத் தக்கது.

1887-இல் அவருக்கு ஸர் என்னும் பட்டம் கிடைத்தது. 1890-இல் இங்கிலாந்தின் சுகாதார ஸ்தாபனங்களின் வரலாற்றை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். 1897-இல், தம்மிடம் பணிபுரிந்த புக்கானன் பெயரால் ராயல் சொஸைட்டி ஏற்படுத்திய பதக்கத்தை முதன்முதற் பெற்றவர் அவரே. தம் மாணாக்கர் போன்றவரின் பெயர் தாங்கிய பரிசைப் பெறும் பேறு யாருக்குக் கிட்டும்! 1904-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23-ஆம் நாள், தம் எண்பத்தேழாம் வயதில், இலண்டனில் அவர் உலக வாழ்வை நீத்தார்.

ஒன்று மட்டும் அவர் கண்ணாற் காணவில்லை. சுகாதார அதிகாரியைக் குறுகிய தவணைக்கு நியமித்தலாகாது, சுகாதார மந்திரியின் சம்மதமின்றி ஊர்ச்சபை அவரை விலக்கலாகாது என்னும் பாதுகாப்பு, 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் இங்கிலாந்தில் பொதுவிதியாயிற்று. அப்பெயரோடு விளங்கிய பதவி 1974-இல் அந்நாட்டு வைத்திய அமைப்பு மாற்றப்பட்டபோது மறைந்தது. அதன் பணி வேறு பெயர்களில் நடைபெற்று வருகின்றது.

நம் நாட்டிலும் இவ்விதை விழுந்தது. 1939-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. அது சுகாதார அதிகாரிகளின் நியமனத்தையும் கடமைகளையும் வரையறுத்தது. தமிழ்நாட்டில் இன்றும் நின்று நிலவுகின்றது. சுகாதாரப் பணிக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர் அணி ஒன்றனைத் தமிழ்நாடு நெடுங்காலமாகப் போற்றி வருவது நமக்குப் பெருமை தருவதாகும்.

அன்பர்காள்! திருவள்ளுவர் ஒருவனை ஆராய்ந்து தெளிதலை ஓர் அதிகாரத்தும், தெளிந்தவனை வினையில் அமர்த்தி நடத்துதலை அதற்கடுத்த அதிகாரத்தும் வைத்த முறையை நோக்குங்கள். ஆராயாது தெளிதலும் தவறு. தெளிந்தபின் ஐயுறுதலும் தவறு என்பது அவர் கருத்து. நம்முள் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் அங்கம் வகிப்போர் உளர். இனி வகிக்கப் போவோரும் உளர். சுகாதார வேலைக்கு ஒருவரைக் குறித்துச் சிபாரிசு கேட்டு யாரேனும் வந்தால், அவர் நம் உறவினரா என்று பாராமல், அவ்வேலைக்குரிய பயிற்சி உடையவரா என்று பாருங்கள். தகுதியுடையவர் வந்து நம் வீட்டுச் சாக்கடையைக் குற்றங் கூறினால், அவரை மாற்றுவதற்கு முயலாமல் சாக்கடையை மாற்றுங்கள். மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளுள் இரண்டொருவரேனும், பொருள் மிகுந்த வழியைவிட்டு, இப்பணியிற் புகுவார்களாயின் அவர்களைத் தடுக்காதீர்கள். நோயுற்றாரைக் காப்பவரை ஊர் கைகூப்பித் தொழும். நோயே வாராமற் காப்பவரின் பெயரை ஊர் அறியாது. அறியப்படாத அப்புண்ணியத்தைச் செய்ய முன்வருவாரை அறிந்து போற்றுவது நம் கடனாகும்.